கடைக்காரர் இல்லாமல் வரும் மின்சைக்கிள்



அண்மைக் காலமாகத் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "மின்சைக்கிள் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன? பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், கைபேசியிலேயே பணம் கட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறதாமே!" என்பதுதான் அந்தப் பேச்சு. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களிலும், வடக்கே சபாக் பெர்ணாம், கிழக்கே உலு சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களிலும் இந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. இரண்டாயிரம் வெள்ளிக்கும் நாலாயிரம் வெள்ளிக்கும் இடைப்பட்ட விலையில், கடை இல்லாமல் நேரடியாக விற்கப்படும் இந்த வண்டியை வாங்கலாமா, வாங்குமுன் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்பதைப் பற்றி இன்று நாம் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில், வண்டியின் தேவை ஏன் மிகுந்தது என்பதைப் பார்ப்போம். இந்த நாட்டில் வாணிப முறையில் செம்பனை பயிரிடப்பட்ட முதல் தோட்டம் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டந்தான். 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே செம்பனையை நட்டார். பின்னாளில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக் காடுகளாயின. பால்மரத்துக்கு வேண்டிய அளவு ஆட்கள் செம்பனைக்கு வேண்டியதில்லை. ஆட்கள் குறைந்தார்கள், அவர்களை நம்பியிருந்த மளிகைக் கடையும் மருந்தகமும் பல தோட்டங்களில் மறைந்தன. அன்று லயத்தின் கோடியில் கிடைத்த பொருளுக்கு இன்று பட்டணம் போக வேண்டியிருக்கிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, கிளினிக்குக்குப் போகும் பாட்டி, சந்தைக்குப் போகும் தாய் ஆகிய எல்லாருக்கும் தூரம் ஒரு சுமையாகிவிட்டது. ஆகவே, தூரத்தைக் குறைக்க ஒரு வண்டி வேண்டும் என்று நினைப்பது வீண் ஆசை அல்ல.

மின்சைக்கிள் என்பது என்ன? சாதாரண மிதிவண்டியோடு மூன்று பொருள்களைச் சேர்த்தால் அது மின்சைக்கிள் ஆகிறது. ஒன்று, சக்கரத்தின் நடுவிலோ மிதிகட்டையின் அருகிலோ இருக்கும் மோட்டார். இரண்டு, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் லித்தியம் பேட்டரி. மூன்று, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டுப் பெட்டி. டயர், சங்கிலி, பிரேக் முதலியவை நாம் அறிந்தவையே. பழுதானால் நம்மூர்ச் சைக்கிள் கடையில் அவற்றைச் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த மூன்று புதிய பொருள்களையும் தொடுவதற்குப் பல கடைகள் தயங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இதுவே பெரிய கேள்வியாக வரப்போகிறது.

இனி, 'நேரடி விற்பனை' என்றால் என்ன என்று பார்ப்போம். முன்பெல்லாம் பட்டணத்துச் சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் தவணைக்கு மிதிவண்டி எடுப்போம். அவர் தொழிற்சாலை விலைக்கு மேல் ஓர் இலாபம் வைத்துத்தான் விற்றார். அந்த இலாபத்துக்கு ஈடாக அவர் செய்த வேலைகளையும் எண்ணிப் பாருங்கள். பெட்டியில் துண்டு துண்டாக வந்த வண்டியை அவர்தாம் பூட்டினார். பிரேக்கை இழுத்துப் பார்த்தார். சக்கரத்தின் கோணலை எடுத்தார். ஆறு மாதம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், "என்ன ஆச்சு?" என்று கேட்டு வாங்கி வைத்தார். உதிரிப் பாகங்களைத் தம் கடையில் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் எங்கே இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும்.

நேரடி விற்பனையில் அந்த நடு ஆள் இல்லை. நிறுவனம் கைபேசி வழியாக விளம்பரம் செய்கிறது. நாம் பணம் செலுத்துகிறோம். பெட்டி வந்து சேருகிறது. விலை குறைகிறது என்பது உண்மையே. ஆனால் நடு ஆள் மறைந்தாலும் அவர் செய்த வேலைகள் மறைவதில்லை. பூட்டுவது, சோதிப்பது, பழுது பார்ப்பது, பாகம் தேடுவது ஆகிய அத்தனையும் வாங்கியவர் தலையில் வந்து இறங்குகின்றன. விலைச்சீட்டில் குறைந்த தொகையைப் பார்த்து மகிழும் நாம், நம் மேல் ஏறிய வேலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் அல்லவா?

இது வெறும் அச்சம் அன்று, உலகில் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் பெருந்தொழிற்சாலை அமைத்த ஓலா எலக்ட்ரிக் நிறுவனம், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தன் மின்ஸ்கூட்டரை அறிமுகம் செய்தது. அது சைக்கிள் அன்று. பதிவு செய்து ஓட்டும் ஸ்கூட்டர். ஆனால் விற்ற முறை இதே முறைதான். முகவர்கள் இல்லாமல், கைபேசியில் பதிவு செய்தவர்களுக்கு நேரடியாக வண்டி போய்ச் சேர்ந்தது. விற்பனை ஏறியது; பழுது பார்க்கும் ஏற்பாடு அதே வேகத்தில் ஏறவில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய மத்திய அரசின் பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு அறிக்கை அனுப்பியது. ஓராண்டுக்குள் அரசின் பயனீட்டாளர் உதவி எண்ணுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் வந்திருந்ததே காரணம். அவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில், நாடெங்கும் நாலாயிரம் கடைகள் என்ற அளவுக்குத் தன் கிளைகளை விரிவுபடுத்தியதாகவும் அறிவித்தது. கடையே வேண்டாம் என்று புறப்பட்டவர்கள் கடை திறக்கும்படி ஆயிற்று. வண்டி என்று ஒன்று இருந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்ட ஓரிடம் வேண்டும் என்பதே இதன் பாடம்.

மற்றொரு சான்று அமெரிக்காவில் உள்ளது. சியாட்டல் நகரத்து ராட் பவர் நிறுவனம், நடுத்தர விலை மின்சைக்கிள்களைப் பயனீட்டாளருக்கு நேரடியாக விற்றுப் பெயர் பெற்றது. 2025ஆம் ஆண்டு நவம்பரில், அதன் சில வகைப் பேட்டரிகள் தீப்பிடிக்கும் அபாயம் உள்ளவை, உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள் என்று அந்நாட்டுப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. நிதி நிலையைக் காரணம் காட்டி, ஏற்கத்தக்க மாற்றுத் திட்டம் எதற்கும் நிறுவனம் உடன்படவில்லை என்றும் ஆணையம் கூறியது. நிறுவனம் அந்த எச்சரிக்கையை மறுத்தது. மறு மாதமே அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், பெயரும் முகவரியும் தெரியாத விற்பனையாளரிடம் வாங்கும்போது எவ்வளவு விழிப்பு வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து, சட்டம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மின்சைக்கிள் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை வண்டிகள் விற்கப்படுகின்றன. ஒரு வகை, நாம் மிதித்தால் மட்டும் உதவி செய்வது. மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். மலேசியாவில் இவ்வகைக்கு எம்.எஸ். 2514 என்ற தரம் உண்டு. மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படாமலும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் உதவி நின்றுவிடுவதாகவும் இருக்கவேண்டும் என்பது இதன் சாரம். மற்றொரு வகை, மோட்டார் சைக்கிளைப்போல் கைப்பிடியைத் திருகினாலே ஓடுவது. அதில் மிதிகட்டை ஒப்புக்குத்தான் இருக்கும்.

மோப்பட் எனப்படும் சிறு மோட்டார் வண்டிகள், நின்றுகொண்டு ஓட்டும் மின்ஸ்கூட்டர்கள் போன்றவற்றைப் பொதுச்சாலையில் ஓட்டுவதற்கு 2021ஆம் ஆண்டில் வெளியான ஒரு விதி தடை செய்கிறது. மீறினால் அபராதமோ சிறையோ விதிக்கப்படலாம். இன்னும் வேகமாக ஓடும் வண்டி என்றால் அது மின்மோட்டார் சைக்கிள். அதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அங்கீகாரம், பதிவு எண், காப்புறுதி, லைசென்ஸ், தலைக்கவசம் ஆகிய அனைத்தும் வேண்டும். அங்கீகாரம் பெறாத மாதிரியை வாங்கிவிட்டுப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று எண்ணுவது நடவாத காரியம்.

ஆகவே ஒரு விளம்பரத்தில், "500 வாட் மோட்டார், 50 கிலோமீட்டர் வேகம், லைசென்ஸ் தேவையில்லை" என்று மூன்றும் சேர்ந்து வந்தால், மூன்றாவது வாக்கியத்தை நம்பாதீர்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றலாம். பள்ளிக்கும் பட்டணத்துக்கும் போகப் பொதுச்சாலையில் ஏறித்தானே ஆகவேண்டும்? அங்கே மணல் லோரியும் செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் விரைகின்றன. பதிவில்லாத வண்டிக்குக் காப்புறுதி கிடையாது. நம் பிள்ளை பிறர்மேல் மோதினாலும், பிறர் நம் பிள்ளைமேல் மோதினாலும் துன்பம் இரட்டிப்பாகிவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் இத்தகைய வண்டியைக் கொடுப்பது எவ்வகையிலும் தகாது.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களையே பென்சிலும் தாளும் எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரியின் மேல் '36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி' என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி. சமமான பாதையில் மிதித்துக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-மணி செலவாகும். ஆக, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போகலாம். மேடு, சேறு, பின்னால் ஓர் ஆள், அரிசி மூட்டை என்றால் 20 கிலோமீட்டர்கூடக் கிடைப்பது அரிது. விளம்பரத்தில் 80 என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர், மாதத்தில் 26 நாள் என்றால் 520 கிலோமீட்டர். மின்சைக்கிளுக்கு ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரம் ஆகும். யூனிட்டுக்கு 50 காசு என்று கூட்டியே கணக்கிட்டாலும் மூன்றரை வெள்ளிதான். அதே தூரத்துக்குச் சிறிய மோட்டார் சைக்கிள் பத்தரை லிட்டர் பெட்ரோல் குடிக்கும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அறிமுகமான மானிய விலை லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு. அதன்படி 21 வெள்ளி ஆகும். மாதத்தில் மிச்சம் பதினேழரை வெள்ளி. வண்டியின் விலை 3,000 வெள்ளி என்றால், அந்த மிச்சத்தைக் கொண்டு முதலை எடுக்கப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் இவ்வளவு தூரம் நாள்தோறும் ஓடினால் பேட்டரி மூன்று, நான்கு ஆண்டுகளில் வலுவிழக்கத் தொடங்கும். புதிய பேட்டரியின் விலை வண்டி விலையில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குகூட ஆகலாம்.

இதனால் விளங்குவது என்ன? வீட்டில் நல்ல மோட்டார் சைக்கிள் இருக்கும்போது, பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் மின்சைக்கிள் வாங்குவது சிக்கனம் ஆகாது. ஆனால் லைசென்ஸ் எடுக்காத தாய்மார், மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்குரிய பதினாறு வயது நிரம்பாத மாணவர், மிதிக்க முடியாமல் முழங்கால் வலிக்கும் பெரியவர், ஒவ்வொரு முறையும் வாடகைக் காருக்குப் பணம் கொடுப்பவர் ஆகியோருக்குச் சட்டத்துக்கு உட்பட்ட, மிதித்தால் உதவும் வண்டி மிகவும் பயன்படும். அவர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் பெட்ரோல் மிச்சம் அன்று. பிறர் தயவை எதிர்பாராமல் போய்வரும் வசதி. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதன்படி 3,000 வெள்ளி என்பது ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு. அவ்வளவு உழைப்பைப் போடுமுன் யாருக்கு, எதற்கு என்று குடும்பத்தார் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

அடுத்து உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. லித்தியம் பேட்டரி சிறிய இடத்தில் பெரும் ஆற்றலை அடக்கி வைத்திருக்கிறது. தரக்குறைவாகச் செய்யப்பட்டாலோ, விழுந்து நசுங்கினாலோ, நீர் புகுந்தாலோ, பொருந்தாத சார்ஜரில் மாட்டினாலோ உள்ளே சூடேறி, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சூடு பரவி, நொடிப்பொழுதில் தீப்பிழம்பாகிவிடும். நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் மாண்டனர். நமது பழைய லயங்களோ பலகைச் சுவரும் அடுத்தடுத்த வீடுகளுமாக அமைந்தவை. ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்காது.

ஆகவே சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். அதில் சிரிம் முத்திரை உண்டா என்று பாருங்கள். எல்லாரும் உறங்கும் வேளையில் சார்ஜ் போடாதீர்கள். வாசற்படியிலும் நடைவழியிலும் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். வெயிலில் ஓடிவந்த வண்டியைச் சற்று ஆறவிட்டுப் பிறகு மாட்டுங்கள். நீர்க்குழாயைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்தால் போதும். பேட்டரி உப்பினாலோ, வினோத வாடை வீசினாலோ, தொடமுடியாமல் சுட்டாலோ அதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். தீப்பிடித்துவிட்டால் பொருளைக் காப்பாற்ற முனையாமல் எல்லாரையும் வெளியேற்றி, 999 எண்ணில் தீயணைப்புப் படையை அழையுங்கள்.

இவ்வளவும் அறிந்து, வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் பணம் செலுத்துமுன் விற்பவரிடம் ஐந்து கேள்விகள் கேட்கவேண்டும். உங்கள் நிறுவனத்தின் பதிவு எண் என்ன, மலேசியாவில் முகவரி எங்கே? பழுதானால் வண்டியை எங்கே கொண்டுவருவது, அனுப்பும் செலவு யாருடையது? பேட்டரிக்கு எத்தனை மாத உத்தரவாதம், புதியது என்ன விலை? டயர், பிரேக் முதலியவை நம்மூர்க் கடையில் கிடைக்கும் அளவுதானா? கைபேசிச் செயலி நின்றுபோனாலும் வண்டி ஓடுமா? பதில்களை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் பெறுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டி வந்து இறங்கியதும் அதைப் பிரிப்பதைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பூட்டும் வேலையைப் பட்டணத்துச் சைக்கிள் கடையில் கூலி கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். இந்த வண்டிகளில் பல இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ளவை. பிரேக் சரியில்லாத கனத்த வண்டி இறக்கத்தில் நிற்காது. முன்விளக்கும் பின்விளக்கும் அவசியம் இருக்கவேண்டும். சைக்கிளுக்கும் தலைக்கவசம் நல்லது. விலைச்சீட்டு, விளம்பரப் படம், பேசிய செய்திகள் யாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியும் ஏமாற்றம் நேர்ந்தால் நாம் கதியற்றவர்கள் அல்லர். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. அதன் 37ஆம் பிரிவு நம் தலைப்புக்கு மிகவும் பொருந்துவது. பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்பவரும் ஏற்பாடு செய்யவேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் ஒரு விலக்கும் உண்டு. 'இந்த வசதி இல்லை' என்று விற்குமுன்பே தக்கவாறு அறிவித்துவிட்டால் அந்தக் கடமை நீங்கிவிடும். ஆகவே விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் விடாதீர்கள். மலாயோ ஆங்கிலமோ புரியவில்லையென்றால் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். படித்துச் சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறோம்.

வழக்கு என்றதும் வக்கீல் செலவை நினைத்து அஞ்ச வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. அங்கே வக்கீல் இல்லாமலே நம் வழக்கை நாமே சொல்லலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். ஆனால் விற்பவர் அயல்நாட்டில் இருந்தால், சாதகமான தீர்ப்புக் கிடைத்தாலும் பணத்தை வசூலிப்பது கடினம். மலேசிய முகவரி உண்டா என்று முதலிலேயே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

நேயர்களே, நேரடி விற்பனை தீயது என்றோ, மின்சைக்கிள் வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. காலம் மாறுகிறது, வண்டியும் மாறட்டும். யானை வாங்குகிறவன் அதைக் கட்டும் இடத்தையும் தீனியையும் நினைத்துத்தான் விலை பேசவேண்டும். அதுபோல, மின்சைக்கிளை வாங்குகிறவர் அதைப் பழுது பார்க்கப் போகிறவர் யார் என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டுப் பணத்தைக் கட்டவேண்டும். அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் காத்திருங்கள்.